ஆபரேஷன் நோட்ஸ் யாருக்காக எழுதப்படுகிறது? அறுவை சிகிச்சைப் பதிவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹவுஸ் சர்ஜன்கள், பி.ஜி. (பட்டமேற்படிப்பு) மாணவர்கள், தியேட்டர் சிஸ்டர்கள், எம்.ஆர்.டி. (மருத்துவப் பதிவேட்டுத் துறை) ஊழியர்கள், எப்போதாவது நோயாளியின் வீட்டார் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் நடைமுறையை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சட்டவிதிகள் இந்தியா முழுமைக்கும் உரியவை.

அறுவை சிகிச்சைப் பதிவு என்றால் எதெல்லாம் அதில் சேரும்?

சம்மதப் படிவம், அறுவைக்கு முந்தைய பரிசோதனைக் குறிப்பு, மயக்க மருந்து சார்ட், பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், ஆபரேஷன் நோட்ஸ், மாப் (ரத்தம் ஒற்றும் துணி) கவுன்ட் தாள், இம்பிளான்ட் (உடம்புக்குள் வைக்கும் செயற்கைப் பாகம்) ஸ்டிக்கர், பயாப்சி படிவம், போஸ்ட் ஆப் ஆர்டர் (அறுவைக்குப் பிந்தைய உத்தரவு), டிஸ்சார்ஜ் சம்மரி. தியேட்டர் ரிஜிஸ்டரும் இதில் அடக்கம்.

இவற்றில் ஆபரேஷன் நோட்ஸுக்குத்தான் நான் அதிக இடம் கொடுப்பேன். ரத்தப் பரிசோதனை முடிவு தொலைந்தால் லேபில் இருக்கும், எக்ஸ்ரே தொலைந்தால் இன்னொன்று எடுக்கலாம். வயிற்றுக்குள் என்ன இருந்தது, என்ன செய்தோம் என்பது அந்த ஒரு மணி நேரம் உள்ளே நின்றவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்கள் எழுதாமல் விட்டால் வேறு எங்கிருந்தும் அதை மீட்க முடியாது.

நல்ல ஆபரேஷன் நோட்ஸுக்கும் மோசமானதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி என்று எடுத்துக்கொள்வோம். வழக்கமாகக் கண்ணில் படும் நோட்ஸ் இப்படி இருக்கும்: “ஜி.ஏ. கொடுத்து, நான்கு போர்ட் வைத்து, லேப் கோலி செய்யப்பட்டது. ஹீமோஸ்டாசிஸ் பார்க்கப்பட்டது. டிரெயின் வைக்கப்பட்டது. போர்ட்கள் மூடப்பட்டன. நோயாளி நன்றாகத் தாங்கிக்கொண்டார்.” (ஜி.ஏ. என்பது முழு மயக்கம், லேப் கோலி என்பது லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை அகற்றுவது, ஹீமோஸ்டாசிஸ் என்பது ரத்தக் கசிவு நின்றிருப்பது, டிரெயின் என்பது உள்ளே சேரும் திரவத்தை வெளியேற்றும் குழாய்.) இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நாட்டிலுள்ள எந்தப் பித்தப்பை நோயாளியின் கேஸ் ஷீட்டில் வைத்தாலும் இது அப்படியே பொருந்தும்.

இப்போது இரவு இரண்டு மணி. டிரெயின் பையில் பச்சையாகப் பித்தம் இறங்கியிருக்கிறது. டியூட்டியில் இருப்பவர் அந்த யூனிட்டைச் சேர்ந்தவர் அல்ல. அவருக்குத் தெரிய வேண்டியவை சில: சிஸ்டிக் டக்ட்டில் (பித்தப்பையிலிருந்து வரும் குழாய்) கிளிப் போட்டார்களா, தையலா, எதுவுமே போட முடியவில்லையா? பித்தப்பையை முழுதாக எடுத்தார்களா? பித்தம் கசியும் என்று ஆபரேட் செய்தவர் எதிர்பார்த்தாரா, இல்லை இது யாரும் நினைக்காத விபத்தா?

அதே கேஸை இப்படி எழுதியிருந்தால் எப்படி இருக்கும்: “பித்தப்பை கடும் அழற்சியுடன் டியோடினத்தோடு ஒட்டியிருந்தது. காலட் முக்கோணத்தைப் பாதுகாப்பாகப் பிரிக்க முடியவில்லை. சிஸ்டிக் டக்ட்டும் தமனியும் தனித்தனியாகத் தெரியவில்லை. எனவே முழுதாக அகற்றும் முயற்சி கைவிடப்பட்டது. முன்சுவர் அகற்றப்பட்டது, பின்சுவர் கல்லீரலோடு விடப்பட்டது. கற்கள் எல்லாம் எடுக்கப்பட்டன. சிஸ்டிக் டக்ட்டின் வாய் உள்ளிருந்து தைத்து மூடப்பட்டது, கிளிப் போடவில்லை. கல்லீரலுக்கு அடியில் ஒரு டிரெயின். அதில் பித்தம் வர வாய்ப்பு உண்டு. வந்தால் டிரெயினை எடுக்க வேண்டாம். காய்ச்சல், நாடித்துடிப்பு உயர்வு, வயிறு இறுகுதல் இருந்தால் எந்த நேரமானாலும் அழைக்கவும். கசிவு நிற்காவிட்டால் ஈ.ஆர்.சி.பி. யோசிக்கலாம்.”

(டியோடினம் என்பது சிறுகுடலின் தொடக்கம், காலட் முக்கோணம் என்பது சிஸ்டிக் டக்ட்டும் தமனியும் இருக்கும் இடம், ஈ.ஆர்.சி.பி. என்பது எண்டோஸ்கோப் வழியே பித்தநாளத்தில் செய்யும் சிகிச்சை.) நாலைந்து வரிதான் கூடுதல். டியூட்டி டாக்டர் இதைப் படித்துவிட்டு நோயாளியைப் பரிசோதித்து, பதற்றமில்லாமல் முடிவெடுப்பார். மூன்று வருடம் கழித்து மீதமுள்ள பகுதியில் கல் வந்து அதே நோயாளி வேறு ஊரில் வேறு சர்ஜனிடம் போனாலும், அவருக்கு இந்தக் காகிதம்தான் வழிகாட்டி.

யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்விக்கு என் பதிலும் இதுதான்: தியேட்டருக்குள் இல்லாதவருக்காக. அந்த ஆளை மனதில் நிறுத்தி எழுதினால் பாதிக் குறை தானாகச் சரியாகிவிடும்.

நோட்ஸில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஏதாவது அளவுகோல் உண்டா?

உண்டு. உலகெங்கும் ஆடிட் (பதிவுகளைச் சரிபார்த்து மதிப்பிடுவது) செய்பவர்கள் அதிகம் கையில் எடுப்பது இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் 2014-ல் வெளியிட்ட நற்சர்ஜரி வழிகாட்டியிலுள்ள பட்டியல். தேதி, நேரம், எமர்ஜென்சியா, திட்டமிட்டதா, ஆபரேட் செய்தவர், உதவியவர், மயக்க மருந்து கொடுத்தவர் பெயர்கள், செய்த அறுவை, வெட்டு எங்கே, கண்டறிந்த நோய், உள்ளே கண்டவை, சிக்கல்கள், கூடுதலாக ஏதாவது செய்திருந்தால் அதன் காரணம், எடுத்த, சேர்த்த, மாற்றிய திசு, இம்பிளான்ட்டின் வரிசை எண், மூடிய விதம், எதிர்பார்த்த ரத்த இழப்பு, ஆன்டிபயாடிக், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஏற்பாடு, அடுத்துச் செய்ய வேண்டியவை, கையெழுத்து.

நம் ஊரில் பார்த்தவரை செய்த அறுவையின் பெயரும் மூடிய விதமும் தவறாமல் இருக்கும். ரத்த இழப்பு, ஆன்டிபயாடிக் கொடுத்த நேரம், ‘ஏன் திட்டம் மாறியது’ ஆகிய மூன்றும்தான் அடிக்கடி காணாமல் போகும். மூன்றாவது இல்லாததுதான் பெரிய குறை. என்ன செய்தோம் என்பதை ஸ்கேன் ஓரளவு காட்டிக்கொடுக்கும், ஏன் செய்தோம் என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது.

இன்னொன்று, படம் வரையுங்கள். குடலை எங்கே வெட்டி எங்கே இணைத்தீர்கள், எந்த டிரெயின் எங்கே போகிறது என்பதை அரைப் பக்க வர்ணனையைவிட நான்கு கோடு தெளிவாகச் சொல்லும். அழகாக இருக்க வேண்டியதில்லை.

யார் எழுத வேண்டும்? ரிட்ராக்டர் (வெட்டை விலக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்த ஹவுஸ் சர்ஜன் எழுதுவதுதானே வழக்கம்?

வழக்கம்தான், அதில்தான் சிக்கலும். ரிட்ராக்டர் பிடித்தவர் நின்ற கோணத்தில் பாதி நேரம் யூனிட் தலைவரான சீஃபின் முழங்கைதான் தெரிந்திருக்கும். அவர் எழுதினால் பாடப்புத்தகத்தில் உள்ள படிகள் வரும், அந்த நோயாளியின் வயிற்றில் நடந்தது வராது.

ஆபரேட் செய்தவரே எழுதுவது முதல் தேர்வு. முடியாவிட்டால் முதல் உதவியாளர் எழுதலாம். அப்போதும் ஆபரேட் செய்தவர் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். சீஃப் வாய்மொழியாகச் சொல்ல, பி.ஜி. எழுதுவது நல்ல ஏற்பாடு. எழுதுபவரும் அதில் பாடம் கற்றுக்கொள்வார். காலியான தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைப்பது சில இடங்களில் உண்டு. அதை உடனே நிறுத்துங்கள், வேறு ஆலோசனை இல்லை.

எப்போது எழுத வேண்டும்? மாலையில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால் ஆகாதா?

நோயாளி ரெகவரி அறையைவிட்டு வார்டுக்குப் போகும்முன் கேஸ் ஷீட்டில் நோட்ஸ் இருக்க வேண்டும். விரிவாக எழுத நேரமில்லை என்றால் செய்தது, கண்டது, ரத்த இழப்பு, டிரெயின், கவனிக்க வேண்டியவை என்று ஒரு சுருக்கமாவது போக வேண்டும். அன்றைக்கே விரிவானதை எழுதிச் சேர்க்கலாம்.

மாலையில் ஆறு கேஸைச் சேர்த்து எழுதினால் மூன்றாவது ஹெர்னியாவும் ஐந்தாவது ஹெர்னியாவும் கலந்துபோகும். எது வலது, எது இடது, யாருக்குக் குடல் ஒட்டியிருந்தது என்று நினைவு குழம்பும். களைத்துப்போன மனித மூளை அப்படித்தான் வேலை செய்யும், யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு கேஸ். அச்சடித்த படிவம் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளுங்கள். தலைப்புகள் அச்சிட்டு, பதிலுக்கு இடம் விட்ட படிவம் நல்லது. எதையும் மறக்க விடாது. பதிலையும் சேர்த்து அச்சிட்ட படிவம்தான் ஆபத்து. “ரத்த இழப்பு: மிகக் குறைவு, சிக்கல்: இல்லை” என்று அச்சாகியே வந்தால் அது பதிவு ஆகாது. கம்ப்யூட்டர் டெம்ப்ளேட்டிலும் இதே கதை. முந்தைய நோயாளியின் நோட்ஸை காப்பி செய்து பெயரை மட்டும் மாற்றும்போது, உடம்பின் எந்தப் பக்கம் என்பது மாறாமல் அப்படியே நின்றுவிடும். ‘வலது, இடது’ என்ற கட்டத்தில் எதுவும் முன்தேர்வு ஆகியிருக்கக் கூடாது, காலியாக இருந்தால் சேமிக்கவே விடக் கூடாது. மென்பொருள் செய்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

போஸ்ட் ஆப் ஆர்டர் எல்லோருக்கும் ஒன்றுதானே?

“வாய்வழி எதுவும் வேண்டாம், டிரிப், வைட்டல்ஸ் பார்க்கவும்” (வைட்டல்ஸ் என்பது நாடி, ரத்த அழுத்தம் போன்றவை) என்ற மூன்று வரி எல்லா நோயாளிக்கும் போகிறது என்றால், வார்டு சிஸ்டருக்கு அது ஒன்றுமே சொல்லவில்லை. எவ்வளவு நேரம் வாய்வழி எதுவும் வேண்டாம்? எத்தனை மணிக்கு ஒருமுறை வைட்டல்ஸ்? நாடித்துடிப்பு எவ்வளவுக்கு மேல் போனால் யாரைக் கூப்பிட வேண்டும்? சிறுநீர் எவ்வளவு குறைந்தால் சொல்ல வேண்டும்? டிரெயினை எப்போது எடுக்க வேண்டும், யார் எடுப்பார்? எண் இருந்தால்தான் சிஸ்டர் நள்ளிரவில் தயங்காமல் போன் செய்வார். எண் இல்லாவிட்டால் ‘டாக்டர் திட்டுவாரோ’ என்று விடியும்வரை பொறுப்பார். இதை வார்டில் வேலை பார்த்தவர் யாரும் மறுக்க மாட்டார்கள்.

சுருக்கெழுத்துகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் புரிவதுதானே?

புரிகிறது என்று நினைக்கிறோம். ‘ஆர்.டி.’ என்றால் வார்டு சிஸ்டருக்கு ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் குழாய்), புற்றுநோய்ப் பிரிவில் கதிர்வீச்சு சிகிச்சை. ‘பி.ஐ.டி.’ மகப்பேறு பிரிவில் இடுப்புக்குழி அழற்சி, எலும்புப் பிரிவில் முதுகெலும்பு டிஸ்க் பிதுக்கம். நம்மூரில் எனக்குப் பிடித்த உதாரணம் ‘சி.பி.டி.’. பித்தநாளத்துக்கும் அதே மூன்றெழுத்து, சிறுநீர்ப்பைக் குழாய்க்கும் அதே மூன்றெழுத்து. பித்தநாளத்தில் டி டியூப் (பித்தம் வடியும் குழாய்) வைத்த நோயாளியின் ஷீட்டில் “சி.பி.டி. எடுக்கவும்” என்று எழுதினால் எதை எடுப்பது?

யூனிட்டுக்குள் பத்துச் சுருக்கங்களை ஒப்புக்கொண்டு வைத்திருங்கள், மற்றதை விரித்து எழுதுங்கள். வலது, இடது, விரலின் பெயர் ஆகியவற்றை எப்போதும் முழுதாக எழுதுங்கள். அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2004-ல் தடைசெய்த பட்டியலில் தசமப் புள்ளிக்குப் பின் வரும் வீண் சுழியும் உண்டு. 1.0 மி.கி. என்பதில் புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் சரிபார்ப்புப் பட்டியல் உண்மையில் பயன் தருகிறதா, இல்லை இன்னொரு தாளா?

இரண்டும் உண்மை. 2008-ல் அறிமுகமான அந்தப் பட்டியலில் 19 விஷயங்கள். மயக்க மருந்துக்கு முன், வெட்டுக்கு முன், தியேட்டரைவிட்டு வெளியேறும்முன் என மூன்று நிறுத்தங்கள். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8-க்கும், சிக்கல்கள் 11-லிருந்து 7-க்கும் குறைந்தன. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் பட்டியலைக் கட்டாயமாக்கிய பிறகு பார்த்த ஆய்வில், 2014-ல், குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை.

ஏன் இந்த வேறுபாடு என்று இன்னும் வாதம் நடக்கிறது. என் கருத்தைக் கேட்டால், டிக் அடிப்பது வேறு, நின்று பேசுவது வேறு. அறுவை முடிந்து அரை மணி நேரம் கழித்து ஒரே பேனாவால் பத்தொன்பது டிக்கும் வரிசையாக விழுந்த தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல். தாள் இல்லாவிட்டால், பார்த்ததாக ஒரு பொய் உறுதியாவது இருக்காது. சர்ஜன் கத்தியைக் கையில் வாங்கும்முன் எல்லோரும் கையை நிறுத்த வேண்டும், சிஸ்டர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ‘பெயர் என்ன, எந்தப் பக்கம், ஆன்டிபயாடிக் போட்டாச்சா’ என்று கேட்டுப் பதில் வந்த பிறகுதான் டிக்.

மாப் கவுன்ட் சரி என்று நோட்ஸில் எழுதினால் போதுமா?

“கவுன்ட் சரி” என்பதோடு எண்ணிக்கையும் எண்ணிய இருவர் பெயரும் வேண்டும். ஆரம்பத்தில் எத்தனை மாப், நடுவில் எத்தனை பிரித்தோம், மூடும்முன் எத்தனை, தோல் தைக்கும்போது எத்தனை. பலகையில் சாக்பீஸால் எழுதி அழித்துவிட்டால் பதிவு இல்லை, அது தாளுக்கு வர வேண்டும். அறுவை நடுவே சிஸ்டர் ஷிப்ட் மாறினால் அந்த நேரத்திலும் ஒருமுறை எண்ணி எழுதுங்கள்.

கவுன்ட் இடித்தால் என்ன செய்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும். தேடினோம், எக்ஸ்ரே எடுத்தோம், குப்பைக் கூடையில் கிடைத்தது என்று உள்ளதை உள்ளபடி.

கூடவே ஒரு சின்ன விஷயம். தியேட்டர் சுவர்க் கடிகாரமும் மயக்க மருந்து மெஷினின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். நோட்ஸில் வெட்டு 10.30, மயக்க மருந்து சார்ட்டில் 11.10 என்று இருந்தால், பின்னால் வழக்கு என்று வரும்போது முதலில் கேட்கப்படுவது அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றித்தான். தவறே நடந்திருக்காது, கடிகாரம்தான் காரணமாக இருக்கும்.

இம்பிளான்ட் ஸ்டிக்கரை ஒட்டுவதில் என்ன பெரிய விஷயம்?

டீப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். செயற்கை இடுப்பு மூட்டு விவகாரம் நினைவிருக்கிறதா? ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த அந்த நிறுவனம் 2010 ஆகஸ்டில் அந்த மூட்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. உலோகத்தோடு உலோகம் உரசித் துகள்கள் திசுவிலும் ரத்தத்திலும் கலந்தன. பலருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகள் அந்த மூட்டை வைத்து நடந்திருந்தன. மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு விசாரித்தபோது, ஆயிரத்துச் சொச்சம் பேரைத்தான் தேடிப் பிடிக்க முடிந்திருந்தது தெரியவந்தது. மற்றவர்கள் எங்கே என்று தெரியவில்லை. உடம்புக்குள் எந்தக் கம்பெனியின் எந்த மாடல் இருக்கிறது என்றே அறியாமல் அவர்களில் பலர் வலியோடு நடந்துகொண்டிருக்கக் கூடும்.

இந்த ஒரு காரணம் போதும். பாக்கெட்டில் வரும் ஸ்டிக்கர்களில் ஒன்று ஆபரேஷன் நோட்ஸில், ஒன்று தியேட்டர் ரிஜிஸ்டரில், ஒன்று டிஸ்சார்ஜ் சம்மரியில். நான்காவது இருந்தால் நோயாளி கையில். ஹெர்னியா மெஷ், கண் லென்ஸ், ஸ்டென்ட், எலும்பு பிளேட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பில்லில் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். பில் வேறு ரூமில், வேறு ஃபைலில் இருக்கும். நோயாளியின் தற்போதைய போன் நம்பரும், கூடவே ஒரு உறவினர் நம்பரும் இருந்தால்தான் நாளை அழைக்க முடியும்.

பயாப்சிக்கு அனுப்பியதாக எழுதினால் சர்ஜனின் வேலை முடிந்ததா?

இல்லை. பித்தப்பையை ‘கல்தானே’ என்று எடுத்து அனுப்புகிறோம். நோயாளி மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகிறார். இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வருகிறது. அந்த ரிப்போர்ட் நேராக எம்.ஆர்.டி.க்குப் போய், மூடிய கேஸ் ஷீட்டில் சொருகப்பட்டுவிட்டால்? எதிர்பாராமல் வரும் பித்தப்பைப் புற்று அபூர்வம், ஆனால் நடப்பதுதான். கண்டுபிடித்தும் யாருக்கும் சொல்லாமல் விட்டதைப்போல் கொடுமை இல்லை.

எனவே ஆபரேஷன் நோட்ஸில் எத்தனை டப்பா, எதில் என்ன என்று இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் “ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, இந்தத் தேதியில் வந்து தெரிந்துகொள்ளவும்” என்று தமிழில் ஒரு வரி. யூனிட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: அனுப்பிய தேதி, வந்த தேதி, சீஃப் பார்த்த கையெழுத்து, நோயாளிக்குச் சொன்ன தேதி. நான்காவது கட்டம் காலியாக இருப்பவர்களை வாரம் ஒருமுறை பி.ஜி. போனில் கூப்பிட வேண்டும்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே, அது போதாதா?

“எந்த விளைவு ஏற்பட்டாலும் மருத்துவமனை பொறுப்பல்ல” என்று பொதுவாக அச்சிட்ட தாளில் வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பு மிகக் குறைவு. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்கு வந்த பெண் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் நோயாளி விழிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

என்ன அறுவை, எந்தப் பக்கம், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை நோயாளிக்குத் தெரிந்த மொழியில் சொல்லி, சொன்னதைக் கையால் எழுதுங்கள். சொன்னவர் பெயரும் நேரமும் வேண்டும். ஸ்டிரெச்சரில் படுக்க வைத்துத் தியேட்டர் வாசலில் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தவறாக எழுதிவிட்டால் எப்படித் திருத்துவது?

ஒரே கோடு. அடியில் உள்ளது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானது, தேதி, நேரம், கையெழுத்து. ஒயிட்னர் கூடாது, தாளைக் கிழித்து வேறு எழுதக் கூடாது. விட்டுப்போனதை மறுநாள் சேர்ப்பதானால் ‘தாமதப் பதிவு’ என்று தலைப்பிட்டு, எழுதும் நேரத்தையே போடுங்கள். சிக்கல் வந்த பிறகு பழைய தேதியில் சொருகப்பட்ட வரியைவிட, எழுதாமல் விட்டதே நீதிமன்றத்தில் குறைவாகப் பாதிக்கும். மின்னணுப் பதிவில் யார் எப்போது மாற்றினார் என்பது தானாகவே பதிவாகும். அதை யாரும் அணைத்து வைக்க முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஸ் ஷீட்டை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, உள்நோயாளிப் பதிவுகளை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை வெளியிட்டு அதே மாதம் நிறுத்திவைத்ததால் பழைய விதிகளே நடப்பில் உள்ளன. அது குறைந்தபட்சம்தான். போலீஸ் வழக்கு சம்பந்தப்பட்டவை வழக்கு முடியும்வரை, குழந்தைகளுடையவை அவர்கள் வயதுக்கு வந்த பிறகும் சில காலம், இம்பிளான்ட் வைத்தவர்களுடையவை முடிந்தவரை என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எங்கள் யூனிட்டில் ஆடிட் செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

சின்னதாகத் தொடங்குங்கள். சென்ற மாதத்தின் ஆபரேஷன் நோட்ஸில் வரிசையாக முப்பது, நாற்பது எடுங்கள். நல்லதாகப் பொறுக்கக் கூடாது, இரவு எமர்ஜென்சிகளும் வர வேண்டும். மேலே சொன்ன ராயல் காலேஜ் பட்டியலை வைத்து இருக்கிறது, இல்லை என்று குறியுங்கள். கேஸ் ஷீட் முழுவதையும் மதிப்பிட வேண்டுமானால், 2001-ல் வெளிவந்த கிராபெல் என்ற மதிப்பெண் முறை உண்டு. விட்டுப்போன ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கழிப்பார்கள்.

முடிவை மாதாந்திரக் கூட்டத்தில் காட்டுங்கள், யார் பெயரும் வேண்டாம். மிக மோசமான இரண்டு விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஏதாவது மாற்றுங்கள். படிவத்தில் ஒரு கட்டம், தியேட்டர் மேசைக்கு மேல் ஒட்டிய ஒரு அட்டை, எதுவாகவும் இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி நாற்பது எடுங்கள். இரண்டாவது சுற்று இல்லாத ஆடிட், தீசிஸுக்கு மட்டுமே உதவும். ஹவுஸ் சர்ஜன்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் புதுக் குழு வந்ததும் நிலைமை மறுபடி சரியும், அதையும் எதிர்பாருங்கள்.

கட்டம் நிரம்பியிருப்பதும் நோட்ஸ் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. ஆகவே ஐந்து நோட்ஸை எடுத்து, அந்தத் தியேட்டரில் இல்லாத ஒரு டாக்டரிடம் கொடுங்கள். ‘என்ன நடந்தது, இன்றிரவு எதற்குப் பயப்பட வேண்டும்’ என்று கேளுங்கள். அவர் திணறும் இடத்தில் உங்கள் பிரச்சினை இருக்கிறது.

ஆடிட் என்றாலே சீஃபுக்குப் பிடிப்பதில்லை. என்ன செய்ய?

இது நூறு வருடத்துச் சங்கடம். பாஸ்டன் நகரின் எர்னஸ்ட் காட்மன் என்ற சர்ஜன், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டு, ஒரு வருடம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று எழுதினார். அதை எல்லா மருத்துவமனையும் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியதில் சகாக்களின் பகைதான் மிச்சம். சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனை நடத்தினார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளில் 123 பிழைகள் நேர்ந்ததாகத் தானே அச்சிட்டு வெளியிட்டார். இன்றைக்கும் இதற்குத் துணிச்சல் வேண்டும்.

அவர் எண்ணத்தின் தொடர்ச்சியாக அமெரிக்க சர்ஜன்கள் சங்கம் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான கேஸ் ரெக்கார்டு என்பது அதில் ஒன்று. நூறு படுக்கைக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளைப் பார்த்ததில் 89 மட்டுமே தேறின. தேறாதவற்றில் நாட்டின் பேர்பெற்ற மருத்துவமனைகளும் இருந்ததால், 1919-ல் நியூயார்க் ஓட்டலில் கூடியவர்கள் அந்தப் பட்டியலைச் சூளையில் போட்டு எரித்துவிட்டார்கள். ஆனாலும் தரம் நின்றது, சில வருடங்களில் பெரும்பாலான மருத்துவமனைகள் அதற்கு வந்து சேர்ந்தன.

உங்கள் சீஃபிடம் முதலில் அவருடைய நோட்ஸைக் காட்டாதீர்கள். யூனிட்டின் மொத்த எண்ணிக்கையைக் காட்டுங்கள். அப்புறம் அடுத்த படிவத்தின் வரைவை அவரையே திருத்தித் தரச் சொல்லுங்கள். தான் திருத்திய படிவத்தை யாரும் அவ்வளவு சுலபத்தில் ஒதுக்க மாட்டார்கள்.

கம்ப்யூட்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

கையெழுத்துப் பிரச்சினை தீரும், தேடி எடுப்பது சுலபம், காகிதம் தொலையாது. ஆனால் சோம்பேறித்தனமாக எழுதிய நோட்ஸ், தட்டச்சில் வந்தாலும் சோம்பேறித்தனமானதுதான். தியேட்டருக்குள் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உடை மாற்றிக்கொண்டு மாடியேறிப் போய்த்தான் தட்டச்சு செய்ய வேண்டும் என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். எண்டோஸ்கோப்பி மானிட்டர் பக்கத்தில், நின்றபடி எழுதும் உயரத்தில் ஒன்று இருந்தால் செய்வார்கள். 2021-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் மூலம் பதிவுகள் மருத்துவமனைகளுக்கு இடையே போக வழி பிறந்திருக்கிறது. அனுப்பத் தகுந்த நோட்ஸ் இருந்தால்தான் அதற்குப் பயன்.

அறுவையின்போது எடுத்த போட்டோவை யூனிட் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது பதிவாகுமா?

ஆகாது. அது ரகசியக் காப்புப் பிரச்சினைதான். போட்டோ எடுக்க நோயாளியின் சம்மதம் வாங்கி, மருத்துவமனையின் சிஸ்டத்தில் ஐ.பி. (உள்நோயாளி) நம்பரோடு சேருங்கள், போனிலிருந்து அழியுங்கள். அவசர ஆலோசனைக்கு அனுப்ப நேர்ந்தால் பெயர், முகம், நம்பர் எதுவும் தெரியக் கூடாது. கிடைத்த ஆலோசனையை, சொன்னவர் பெயரோடு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

நான் நோயாளியின் மகன். அப்பாவின் ஆபரேஷன் நோட்ஸைக் கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் தருகிறார்கள். முழுதும் கேட்க உரிமை உண்டா?

உண்டு. 2002 விதிகளின்படி நோயாளியோ, அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால், கோரிக்கையைப் பெற்றதற்கு ஒப்புகை தந்து 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். அப்பா ஒரு கடிதத்தில் உங்களுக்கு அதிகாரம் கொடுத்துக் கையெழுத்துப் போடட்டும். அறுவை நடந்த தேதி, ஐ.பி. நம்பர், வேண்டிய தாள்கள் எவை என்று தெளிவாக எழுதி எம்.ஆர்.டி.யில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நகல் எடுக்கும் செலவைக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது சம்மரியோடு ஆபரேஷன் நோட்ஸ், பயாப்சி ரிப்போர்ட், இம்பிளான்ட் ஸ்டிக்கர் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும்.